எல்லாச் சாமியும் இருக்கும் ஊரில் கதை எழுதுவது எப்படி?

எல்லா மதத்துத் தெய்வங்களும் நிஜமாகவே இருக்கும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்து கதை எழுதுகிறவர்கள், அதில் வரும் சிக்கல்களைக் கேள்வியாக அனுப்பலாம் என்று சென்ற இதழில் சொல்லியிருந்தோம். புதுச்சேரியிலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும்தான் நிறைய வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: உலகத்தைப் படைத்தது யார்? ஒவ்வொரு மதமும் ஒரு கதை சொல்கிறது. எல்லாமே உண்மை என்றால் என் நாவல் முதல் பக்கத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கிறது. (முதுகலை மாணவி, லாஸ்பேட்டை)

படைப்பை முதல் பக்கத்தில் வைத்ததுதான் சிக்கல். பழைய எகிப்தைப் பாருங்கள். ஆதி நீரிலிருந்து தானாக எழுந்த ஆட்டும் என்ற தெய்வம் உலகைப் படைத்தார் என்றார்கள் ஹீலியோபோலிஸ்காரர்கள். ப்தா என்ற தெய்வம் நெஞ்சில் நினைத்து, நாவால் சொல்லிப் படைத்தார் என்றார்கள் மெம்பிஸ்காரர்கள். ஹெர்மோபோலிஸில் எட்டுத் தெய்வங்கள். ஒரே ஆறு, ஒரே அரசன், மூன்று கதைகள். அந்தந்த ஊர்க் கோயிலில் அந்தந்த ஊர்க் கதையை ஓதிக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். படைப்புக் கதையைப் பூசாரி சொல்லட்டும், பாதிரியார் சொல்லட்டும், திண்ணையில் உட்கார்ந்து பாட்டி சொல்லட்டும். கதைசொல்லியின் குரலில் மட்டும் வரக்கூடாது. கதைசொல்லி 'ஆதியில் நடந்தது இதுதான்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் மற்ற மதங்கள் எல்லாம் அந்த வரியிலேயே பொய்யாகிவிடும்.

படைத்தவன் என்று ஒருவனே தேவைப்படாத மதங்களையும் மறந்துவிடாதீர்கள். கடலூருக்கு இதில் தனிப் பெருமை உண்டு. 'லோகவிபாகம்' என்ற சமண உலகியல் நூல் சக ஆண்டு 380இல், அதாவது பொது ஆண்டு 458இல், பல்லவன் சிம்மவர்மன் காலத்தில் பாடலியில் எழுதப்பட்டது. அந்தப் பாடலி இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். மூலம் கிடைக்கவில்லை, பிற்காலத்து வடமொழி வடிவம் இருக்கிறது. சமண உலகத்தில் நடுவிலுள்ள ஜம்புத்வீபத்துக்கு விட்டம் 1 லட்சம் யோசனை (பழைய தூர அளவு). அதைச் சுற்றிய உப்புக்கடலின் அகலம் 2 லட்சம். அடுத்த தீவு 4 லட்சம். இப்படி ஒவ்வொரு வளையமும் இரட்டித்துக்கொண்டே போகும். படைத்தவனைத் தேடாமல் முழு உலகத்தையும் அளந்து வைத்துவிட்டார்கள். கற்பனையுலகம் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது: முதலில் அளவு, எல்லை, தூரம். தெய்வங்கள் அதற்குப் பிறகு குடியேறட்டும்.

கேள்வி: கும்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ அந்த அளவுக்குத் தெய்வத்துக்குச் சக்தி என்று விதி வைத்திருக்கிறேன். படித்தவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், எனக்குத்தான் எங்கோ இடிக்கிறது. (வாசகர், குறிஞ்சிப்பாடி)

இடிக்கத்தான் செய்யும். இந்த விதியில் எல்லா மோதலுக்கும் முடிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே எழுதியிருக்கிறது. கோடிப் பேர் கும்பிடும் தெய்வத்துக்கு எதிரே 40 குடும்பத்துக் குலதெய்வம் நின்றால் யார் ஜெயிப்பார் என்று குழந்தைக்கும் தெரியும். அப்புறம் எதற்குக் கதை?

நம் வழக்கமும் இதற்கு நேர்மாறு. பிள்ளைக்கு முதல் மொட்டை குலதெய்வத்துக்கு. கல்யாணப் பத்திரிகையில் முதல் பிரதி குலதெய்வத்தின் காலடியில். வருஷம் தவறாமல் பெரிய கோயிலுக்கு நடந்தே போகிறவர்கூட இந்த இரண்டையும் மாற்ற மாட்டார். எண்ணிக்கையை விட்டுவிட்டு அருகாமையை அளவாக வையுங்கள். காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன், வயலுக்கு வேந்தன், கடற்கரைக்கு வருணன் என்று தொல்காப்பியம் நிலத்தைத்தான் தெய்வத்தோடு சேர்த்தது. ஏரிக்கரை ஐயனார் தன் எல்லைக்குள் யாருக்கும் குனிய வேண்டாம். எல்லைக்கல்லைத் தாண்டினால் அவரும் வெறும் வழிப்போக்கர். ஒரே தெய்வம் ஓரிடத்தில் பலசாலியாகவும் இன்னோரிடத்தில் கையறு நிலையிலும் இருக்கலாம் என்றானதும் கதைக்கு மூச்சு வந்துவிடும்.

இந்த விதி உடையும் இடமும் ஒன்று உண்டு: ஊரை விட்டுப் போனவர்கள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் ரெயூனியன் தீவுக்குக் கூலிக்குப் போன தமிழர்கள் அங்கே இன்றும் தீமிதிக்கிறார்கள். நம் பாஞ்சாலியம்மன் அங்கே 'பாண்டியாலே'. எல்லையை விட்டு இவ்வளவு தூரம் அம்மன் எப்படிப் போனாள்? இதற்கும் நம்மிடம் விடை இருக்கிறது: பிடிமண். தாய்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்து கொண்டுபோய், புது இடத்தில் அதன்மேல் கோயில் எழுப்புவது. உங்கள் உலகத்தில் ஒரு பிடி மண்ணுக்கு எத்தனை அடி எல்லை, மண்ணைத் தர மறுக்கும் உரிமை யாருக்கு, அது வழியில் மழையில் கரைந்துபோனால் என்ன ஆகும் என்று மூன்று விதிகள் எழுதிப் பாருங்கள். ஒரு நாவலுக்குத் தாங்கும்.

கேள்வி: என் கதையில் இரண்டு தெய்வங்கள் சந்தித்தாலே சண்டைதான். மூன்று சண்டைக்குப் பிறகு எனக்கே அலுத்துவிட்டது. வேறு என்னதான் செய்வார்கள்? (வாசகர், முத்தியால்பேட்டை)

ஒருவர் ஊருக்கு ஒருவர் போவார்கள். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் வைத்திக்குப்பம் இருக்கிறது. மாசி மகத்தன்று விடியற்காலையில் போய் நின்று பாருங்கள். மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சாமிகள் கடற்கரையில் பந்தலடியில் வரிசையாக நிற்பார்கள். கூர்ந்து கவனிக்க வேண்டியது மூன்று. கருவறையில் இருக்கும் மூலவர் இடம்விட்டு அசைவதில்லை. வந்திருப்பவர் உற்சவர், செப்புத் திருமேனி. கடலில் இறங்கி முழுக்குப் போடுவது பெரும்பாலும் உற்சவரும் இல்லை. சிவன் கோயிலென்றால் அவருடைய ஆயுதத்தின் வடிவமான அஸ்திரதேவர், பெருமாள் கோயிலென்றால் சக்கரத்தாழ்வார். ஆக, ஒரே தெய்வம் ஒரே நேரத்தில் ஊரில் இருக்கிறது, கரையில் நிற்கிறது, அலையில் நனைகிறது. 'கடவுள் ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் எப்படி' என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்கு ஆகமம் இதை எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது.

மதம் தாண்டிய சந்திப்பு வேண்டுமென்றால் சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கிள்ளைக்குப் போங்கள். ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடலுக்குப் போகும் வழியில், தைக்காலில் தர்காவைச் சேர்ந்த இஸ்லாமியர்கள் அவரை வரவேற்கிறார்கள். கோயில் மரியாதை தர்காவுக்குப் போகிறது. ஒன்றைத் திருத்தமாக மனத்தில் வையுங்கள்: தர்காவில் அடங்கியிருப்பவர் இறைநேசர், தெய்வமல்ல. அங்கே சந்திப்பது ஒரு சாமியும் ஒரு வலியுல்லாவும். இரண்டு கடவுள்கள் சந்தித்தார்கள் என்று எழுதினால் வரவேற்றவர்களின் நம்பிக்கையையே அழித்து எழுதியதாகும்.

தென்னார்க்காட்டுத் திரௌபதியம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் என்ற முஸ்லிம் வீரர் காவல் தெய்வமாக நிற்கிறார். அங்கே உறவு காவல் உறவு. சிதம்பரத்தில் நடராசரும் கோவிந்தராசரும் ஒரே கோயிலுக்குள். ஓரிடத்தில் நின்றால் இருவரையும் தரிசிக்கலாம். அது அண்டை வீட்டு உறவு, சுவர்த் தகராறு உட்பட. ஜப்பானில் அதிர்ஷ்டத் தெய்வங்கள் ஏழு பேர் ஒரே படகில் வருவார்கள். அதில் பென்சாய்தென் நம் சரஸ்வதி, பிஷாமோன்தென் நம் குபேரன். ஏழு பேரில் ஜப்பானிலேயே பிறந்தவர் எபிசு ஒருவர்தான். அது சகபயணிகள் உறவு. சண்டையைத் தவிர இத்தனை உறவுகள் இருக்கின்றன.

எழுதும்போது ஒவ்வொரு சந்திப்புக்கும் ஐந்து விஷயங்களை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். யார் ஊர்? யார் விருந்தாளி? முதல் மரியாதை யாருக்கு? கைமாறும் பொருள் என்ன? எந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும்? ஐந்தில் மூன்றாவதில்தான் வெடிக்கும். நம் திருவிழாக்களில் தகராறு வருவதும் பெரும்பாலும் அதில்தான்: பரிவட்டம் யாருக்கு முதலில், தேர் எந்தத் தெருவுக்குள் திரும்பலாம், எந்தத் தெருவுக்குள் திரும்பவே கூடாது என்று சாதி சொல்கிறது. சண்டை வேண்டுமென்றால் அங்கிருந்து எடுங்கள். இடியும் மின்னலும் வீசிக்கொள்வதைவிட ஆயிரம் மடங்கு சுடும்.

அரசியல் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கொசுறு. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிட்டைட் மன்னன் மித்தானி நாட்டோடு செய்த ஒப்பந்தத்தில் இரு தரப்புத் தெய்வங்களும் சாட்சிகள். மித்தானி தரப்புச் சாட்சிகளில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் (அசுவினி தேவர்கள்) பெயர்கள் இருக்கின்றன. எதிரியின் தெய்வம் உண்டு என்று நம்பினால்தான் அதைச் சாட்சிக்குக் கூப்பிட முடியும்.

கேள்வி: 'இறைவன் ஒருவனே' என்பது எங்கள் நம்பிக்கை. எல்லாத் தெய்வமும் உண்டு என்ற கதையில் நாங்கள் எங்கே? (வாசகி, கடலூர் முதுநகர்)

வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இது. அல்லாஹ்வையோ, யூதரும் கிறிஸ்தவரும் வணங்கும் கர்த்தரையோ தேவர்கள் சபையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தால் அது அந்த மதத்தைச் சேர்த்துக்கொண்டதாகாது, மறுத்ததாகும். பலர் இதற்கு மருந்தாக 'எல்லாம் ஒரே கடவுளின் பல வடிவங்கள்' என்று எழுதிவிடுகிறார்கள். அது நடுநிலை அல்ல. அதுவும் ஒரு மரபின் விடை, மற்றவர்மேல் ஏற்றப்பட்ட விடை. வடலூர்ச் சத்திய ஞான சபையில் ஏழு திரை விலக்கி வள்ளலார் காட்டிய சோதியும் தனக்கென்று ஒரு கொள்கை உள்ளதுதான். அதைப் பொதுப்பசையாகப் பூசாதீர்கள்.

நாங்கள் சொல்லும் வழி: ஒருவனே என்று நம்பப்படும் இறைவன் கதைமாந்தராக வரவே கூடாது. பேசக்கூடாது, உருவம் கூடாது. நபிகள் நாயகத்தையும் காட்சியில் கொண்டுவரக் கூடாது. அந்த மரபே அனுமதிக்கும் படைப்புகளை மேடையேற்றுங்கள். இஸ்லாத்தில் மலக்குகள் (வானவர்கள்) ஒளியால் ஆனவர்கள். ஜின்கள் புகையில்லா நெருப்பால் ஆனவர்கள். ஜின்களில் நம்பிக்கையாளரும் உண்டு, மறுப்பவரும் உண்டு. ஆகவே ஒரு ஜின் முழுக் கதாபாத்திரமாக நிற்க முடியும். பிறகு, உங்கள் முஸ்லிம் பாத்திரம் தெருவில் நடந்துபோகும் ஏதோ ஒரு தெய்வத்தைப் பார்த்து 'இது ஜின்' என்று சொல்ல வேண்டும், கதை அவரைப் பொய்யராக்கக் கூடாது. பௌத்தர் அதே தெய்வத்தைப் பார்த்து 'இவருக்கும் ஒருநாள் ஆயுள் முடியும், மறுபிறவி உண்டு' என்பார். சைவர் கும்பிடுவார். மூன்று பேர் சொல்வதும் நிற்கும்படி காட்சியை எழுத முடிந்தால் உங்கள் உலகம் நிற்கும்.

சமணத்தில் வேறொரு எச்சரிக்கை. தீர்த்தங்கரர் வேண்டுதலுக்கு இறங்கிவர மாட்டார், அவர் பற்றை விட்டவர். உதவிக்கு வருவது பத்மாவதி, ஜ்வாலாமாலினி போன்ற யட்சிகள்.

எழுதி முடித்ததும் அந்தந்த மதத்தவர் இருவரிடமாவது படிக்கக் கொடுங்கள். ஒருவர் தினமும் வழிபடுகிறவராகவும், ஒருவர் அந்த மத நூல்களைப் படித்தவராகவும் இருக்கட்டும். இருவரும் காட்டும் பிழைகள் வேறுவேறாக இருக்கும். மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட தீய நோக்கத்தோடு எழுதுவது பாரதிய நியாய சன்ஹிதா 299ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அல்ல, படிக்கப்போகிறவர் மனிதர் என்பதற்காகக் கொடுங்கள்.

கேள்வி: கோயில் இடிந்தால் தெய்வம் என்ன ஆகும்? (வாசகர், வில்லியனூர்)

புதுச்சேரியில் 1748இல், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே ஆட்சியில் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் அந்த நாட்களைப் பதிவு செய்திருக்கிறார். பிறகு வேறொரு தெருவில் அதே பெயரில் கோயில் எழுந்தது. அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் ஈசன் எங்கே? உங்கள் கதை இந்தக் கேள்வியில் உட்காரலாம்.

முறைப்படி இடம் மாற்றும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்வார்கள். மூர்த்தியின் சக்தியை மந்திரத்தோடு தீர்த்தக் கும்பத்துக்கு இறக்குவார்கள். இதைக் கலாகர்ஷணம் என்பார்கள். பிறகு அது அத்திப்பலகையில் எழுதிய படத்துக்கோ, சிறு திருமேனிக்கோ போகும். பூசை அங்கே தொடரும். வேலை முடிந்து குடமுழுக்கன்று திரும்பவும் மூலவருக்கு. கும்பம், நூல், தர்ப்பை, மாவிலை, நீர். இத்தனை எளிய பொருள்களில் ஒரு தெய்வம் தங்கியிருக்கிறது. கும்பத்தைத் தூக்கி நடக்கிறவர் கால் இடறினால்? அந்தப் பத்தடி தூரத்தை நான்கு பக்கத்துக்கு எழுதலாம்.

ரோமானியர் இதையே போரில் செய்தார்கள். கி.மு. 396இல் வேயி நகரை முற்றுகையிட்டபோது, அந்நகரத்துத் தெய்வமான ஜூனோவை 'எங்கள் ஊருக்கு வா, பெரிய கோயில் கட்டித் தருகிறோம்' என்று அழைத்ததாக அவர்கள் வரலாறு சொல்கிறது. வேதபுரீஸ்வரரை யாரும் அழைக்கவில்லை, இடித்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் உலகத்துத் தெய்வங்கள் மறக்க மாட்டார்கள் அல்லவா?

கேள்வி: செத்தவர் எந்தச் சொர்க்கத்துக்குப் போவார்? (பலர்)

மூன்று வழிதான். நம்பிக்கைப்படி, செத்த இடத்தின்படி, செய்த சடங்கின்படி. முதலாவதில் கலப்பு மணம் செய்த தம்பதி சாவுக்குப் பின் பிரிந்துவிடுவார்கள். இரண்டாவதில் ஆஸ்பத்திரி எந்த எல்லைக்குள் இருக்கிறது என்பதே விதியாகிவிடும். மூன்றாவதுதான் கதைக்கு வளமானது, இந்தக் கடற்கரைக்குப் பொருத்தமும்கூட. கட்டுமரத்தில் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்றால் இந்துக்கள் தர்ப்பையால் உருவம் செய்து தகனம் செய்யும் முறை உண்டு. ஷாஃபி மத்ஹபை (சட்ட மரபை) பின்பற்றும் முஸ்லிம்கள் உடல் எதிரே இல்லாமலே காயிப் ஜனாஸா என்ற இறுதித் தொழுகை தொழுவார்கள். கத்தோலிக்கர் திருப்பலி ஒப்புக்கொடுப்பார்கள். ஒரே படகில் மூவர் போய் மூவரும் திரும்பாத வீடுகள் மூன்றையும் எழுதுங்கள். சித்திரகுப்தன் ஏட்டையும் கபுரில் (கல்லறையில்) கேள்வி கேட்கும் முன்கர், நக்கீர் என்ற மலக்குகளையும் அதற்குப் பிறகு எழுதினால் போதும்.

கேள்வி: ஒரு சிறுகதையில் எத்தனை தெய்வங்கள் வரலாம்? (வாசகர், நெல்லிக்குப்பம்)

பெயர் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். பேசுகிறவர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். நான்காவது தெய்வம் வாய் திறந்ததும் வாசகர் பட்டியல் போடத் தொடங்கிவிடுவார்.

கேள்வி: எல்லா மதத் திருவிழாவும் ஒரே நாளில் வரும்படி உச்சக்கட்டம் வைக்கலாமா? (வாசகி, அரியாங்குப்பம்)

எல்லாம் வராது. வானத்தில் இருப்பது ஒரே நிலா, அதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். மாசி மகம் பௌர்ணமியை ஒட்டியது. ரம்ஜான் பெருநாள் பிறையை ஒட்டியது. இரண்டும் ஒருநாளும் சேராது. இதைச் சேர்த்து எழுதிவிட்டால் பஞ்சாங்கம் தெரிந்தவர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். ஈஸ்டர், மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு. அதனால் பங்குனி உத்திரமும் புனித வெள்ளியும் சில ஆண்டுகளில் அருகருகே வரும், அதை வைத்துக்கொள்ளலாம்.

ஹிஜ்ரி ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள். ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்து, ஏறக்குறைய 33 ஆண்டில் ஒரு சுற்று முடியும். ஒவ்வொரு சுற்றிலும் சில ஆண்டுகள் மாசி மகம் நோன்பு மாதத்தின் நடுவில் விழும். உங்கள் உச்சக்கட்டத்தை அங்கே வையுங்கள். தைக்காலில் வரவேற்க நிற்கிறவர் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. பல்லக்கு இன்னும் வரவில்லை. கையில் பழத்தட்டு.

நோன்பு தொடங்கும் நாளை உங்கள் கதையில் எழுதும்போது பிறை தெரியாதபடி மேகம் மூடியிருந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் சரியாக எழுதுங்கள்: முந்தைய மாதத்தை 30 நாளாக நிறைவு செய்துவிட்டு மறுநாளிலிருந்து நோன்பு.